ஒரு வட்டம்கூட

அந்தப் பைய மேல வச்சிருங்க அண்ணாச்சி. இந்த ஃபைல் கசங்கிரக் கூடாது, கோர்ட் பேப்பர். ஒரு மடிப்பு விழுந்தாக்கூட ஜெராக்ஸ்ல கோடு கோடா வருதுன்னு வக்கீல் ஆபீஸ்ல சொல்லி விட்டிருக்காக. சங்கரன்கோவில்தான போறீக? நானும் அங்கதான். அங்கேருந்து டவுன் பஸ் பிடிச்சு உள்ள போகணும்.

வழக்கு என்னுது இல்ல, என் மகளுது. அங்க பாருங்க, முன்னால மூணாவது சீட்டு, கைப்பிள்ளைக்காரிக்குப் பக்கத்துல பச்சை சுடிதார். ஆவுடைச்செல்வி. வார ஐப்பசியோட இருபது முடியுது. மேஜர் ஆயிட்டால்லா, அதனால கேஸ் அவ பேர்ல. கையெழுத்தும் அவ கையெழுத்து. நான் கூட வாரவன், அம்புட்டுதான்.

யார் மேலயா? டாக்டர் படிப்புக்கு எண்ட்ரன்ஸ் எழுதுதாகள்லா, அதை நடத்துனவுக மேல. என் மக விடைத்தாள் மாறிப்போச்சு. இல்லன்னா யாரோ மாத்திட்டாக. ரெண்டுல ஒண்ணு. நான் யாரையும் குத்தம் சொல்ல வரல, பாத்துக்கிடுங்க. எங்கேயோ கை தவறியிருக்கு, அதைக் கண்டுபிடிங்கன்னுதான் கேக்கேன்.

முதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். திருமங்கலம் தாண்டியாச்சா? சரி, நேரம் இருக்கு.

எம் பேரு கோமதிநாயகம். எங்க ஊரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு எழுதுத வேலை. இருபத்திரெண்டு வருஷம். காலைல ஏழரைக்கு ஜன்னலத் தொறந்தா பேரு, வயசு, என்ன செய்யுது. பேரு, வயசு, என்ன செய்யுது. காய்ச்சல்னு சொன்னா மூணாம் நம்பர் ரூம், எலும்புன்னா ஏழாம் நம்பர். இந்த வேலையில எத்தனை டாக்டரப் பாத்திருப்பேன். நேத்து முளைச்ச பிள்ளைக, இருபத்தஞ்சு வயசு இருக்கும், அது உள்ள நுழைஞ்சா அறுபது வயசுக் கிழவன் எந்திரிச்சு நிப்பான். நானும் எந்திரிப்பேன். எந்திரிக்கணும்னு யாரும் சொல்லல. கால் தானா எந்திரிச்சிரும்.

செல்வி ஒம்பதாவது படிக்கும்போது, ஸ்கூல் விட்டு நேரா என் கவுண்டருக்கு வந்திருவா. அவ அம்மா முப்பிடாதிக்குப் பூ மார்க்கெட்டுல வேலை, வர இருட்டிரும். இவ எனக்குப் பின்னால முக்காலியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. எங்க ஆஸ்பத்திரியில அப்ப வரிசைக்குப் பெரிய சண்டை. சீட்டு வாங்குறவன், ஊசிக்கு நிக்கவன், மாத்திரைக்கு நிக்கவன் எல்லாம் ஒரே வராந்தாவுல முட்டிக்கிடுவான். ஒருநாள் இவ என்ன செஞ்சா தெரியுமா, பழைய ஓ.பி. சீட்டுக்குப் பின்பக்கம் பென்சில்ல படம் போட்டா. வராந்தா, தூண், கதவு, படி, எல்லாம். எந்தக் கதவு வழியா வரணும், எந்தக் கதவு வழியா போகணும், கயிறு எங்க கட்டணும், சக்கர நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேணும், எல்லாம் போட்டிருக்கா. காலடியால அளந்திருக்கா, எனக்குத் தெரியாது. பெரிய டாக்டரம்மா சீட்டு திரும்பிக் கிடந்ததப் பாத்துட்டு, "இது யாரு போட்டது கோமதிநாயகம்?"ன்னு கேட்டாக. மறுவாரம் அதேமாதிரி கயிறு கட்டுனாக. இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. ஒரு சண்டை கிடையாது.

அன்னைக்கி நான் முடிவு பண்ணிட்டேன் அண்ணாச்சி. ஒரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரி மேல இவ்வளவு ஆசை இருக்குன்னா அது டாக்டர் ஆகாம வேற என்ன ஆகும்?

பத்தாவதுல அவ ஸ்கூல்ல திறனறித் தேர்வுன்னு ஒண்ணு வச்சாக. பிள்ளை எந்தப் படிப்புக்குப் போகலாம், எதுல கெட்டின்னு பாக்கதாம். மதுரையிலேருந்து ரெண்டு பேர் வந்தாக. பாடத்துலேருந்து கேள்வி கிடையாது. காகிதத்த இப்படி மடிச்சு இங்க ஓட்டை போட்டா, விரிக்கும்போது ஓட்டை எங்க இருக்கும்னு கேள்வி. இந்தச் சக்கரம் இந்தப் பக்கம் சுத்துனா கடைசிச் சக்கரம் எந்தப் பக்கம் சுத்தும்னு கேள்வி. என்னக் கேட்டா விளையாட்டுன்னுதான் சொல்லுவேன். பொறவு அப்பா அம்மாவ வரச் சொல்லி, கலர் கலராக் கோடு போட்ட ஒரு பேப்பரக் கையில குடுத்தாக.

வந்தவுகள்ல ஒரு தம்பி மரியாதையாத்தான் பேசுச்சு. "உங்க மகளுக்கு வடிவம், அளவு, இடம் இதுல அபாரமான திறமை சார். நாங்க பாத்த நானூறு பிள்ளைகள்ல இந்தக் கோடு இவ்வளவு உசரமா யாருக்கும் வரல. கட்டடக் கலை, நகர அமைப்பு, சிவில், இந்தப் பக்கம் நல்லா வருவாங்க"ன்னுச்சு.

"டாக்டர்னு எங்க தம்பி போட்டிருக்கு?"ன்னேன்.

"இது அப்படி ஆகும், ஆகாதுன்னு சொல்லாது சார். எது இயல்பா வருதுன்னு மட்டும்தான் சொல்லும்."

"அப்ப டாக்டர் ஆகாதுன்னு சொல்லலல்லா?"

"சொல்லல சார்"ன்னுச்சு. அது போதும்லா. பேப்பர மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். செல்வி அதைக் கேட்டா. "அப்பா, நான் ஒருக்கப் பாத்துட்டுத் தாரேன்"னா. குடுத்தேன். நான் ஒண்ணும் மறைக்கல.

ஆனா மனசுக்குள்ள ஒரு உறுத்தல். அதனால திருநெல்வேலியில கைரேகை வச்சுப் பாக்காகன்னு கேள்விப்பட்டு அங்க கூட்டிட்டுப் போனேன். அது விஞ்ஞானம், பாத்துக்கிடுங்க. பத்து விரலையும் ஒரு மிஷின்ல வைக்கச் சொல்லி மூளை எந்தப் பக்கம் வேலை செய்யுதுன்னு சொல்லுதாக. அங்க இருந்த அம்மா ரொம்ப அன்பா, "உங்களுக்கு என்ன ஆசை சார்?"னு கேட்டாக. டாக்டர்னு சொன்னேன். அரை மணி நேரத்துல ரிப்போர்ட் வந்துட்டு. மருத்துவத் துறை, தொண்ணூத்திரெண்டு சதவீதம். கடவுள் ரேகையிலயே எழுதி வச்சிருக்கான். அதை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேன். செல்வியும் கூடத்தான் இருந்தா, ஆணிய அவதான் எடுத்துக் குடுத்தா.

நீங்க என்ன நெனைக்கீகன்னு தெரியுது. அப்பன் பிள்ளையப் பிடிச்சு அமுக்கிட்டான்னு நெனைக்கீக. கிடையாது. பதினொண்ணாவது சேக்கும்போது அவளக் கூப்பிட்டுக் கேட்டேன். "யம்மா, அப்பா சொல்லுதபடி கேக்கியா, இல்ல உன் இஷ்டப்படி போறியா?"ன்னு அவ அம்மாவ வச்சுக்கிட்டே கேட்டேன். "நீங்க சொல்லுதபடியே படிக்கேன்பா"ன்னா. எத்தனை அப்பன் இப்படிக் கேப்பான்?

பன்னெண்டாவது முடிச்ச வருஷம் எண்ட்ரன்ஸ் எழுதுனா. எழுநூத்தி இருபதுக்கு முந்நூத்திப் பன்னெண்டு. பத்தாது. அதே வருஷம் இஞ்சினியரிங்குக்கும் சும்மா போட்டு வச்சிருந்தா, அவ டீச்சர் சொல்லி. அதுல கவர்மெண்ட் காலேஜ்லயே சிவில் வந்துட்டு. திருநெல்வேலி. வீட்டுலேருந்து பஸ்ஸுல போயிட்டு வந்திரலாம். அந்தக் கடிதத்த எடுத்துக்கிட்டு என் கவுண்டருக்கே வந்துட்டா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பேஷண்ட் வரிசையில நின்னு வந்தா. அவ முறை வந்ததும் உள்ள நீட்டுனா. நான் சிரிச்சுட்டேன். "பேரு, வயசு, என்ன செய்யுது?"ன்னு விளையாட்டுக்குக் கேட்டேன். அவளும் சிரிச்சா. பொறவு, "பதினெட்டாம் தேதிக்குள்ள சேரணும்பா"ன்னா.

போகாதன்னு நான் சொல்லல. "ஒரு வருஷம் இன்னொரு தடவை பாப்பமே, சிவில் எங்க ஓடியா போயிரும்"னு கேட்டேன், அம்புட்டுதான். பதினெட்டாம் தேதி வந்துட்டு, போயிட்டு. அன்னைக்கி பூரா அவ பூவுக்குக் கண்ணி பின்னிக்கிட்டு இருந்தான்னு முப்பிடாதி சொன்னா.

நாமக்கல் பக்கம் ஒரு கோச்சிங்குல ஹாஸ்டல்ல சேத்துவிட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் போன். முதல்ல என்ன மார்க்குன்னு கேப்பேன். சொல்லுவா. இன்னும் கொஞ்சம் ஏத்துயம்மான்னு சொல்லுவேன். பொறவு அவ அம்மாட்டக் குடுப்பேன். பாதி நாள் அதுக்குள்ள பத்து நிமிஷம் முடிஞ்சிரும். அந்த ரெண்டாவது தடவை நானூத்தி நாப்பத்தொண்ணு. பாருங்க, முந்நூத்திப் பன்னெண்டுலேருந்து நானூத்தி நாப்பத்தொண்ணு. ஏறுதுல்லா. ஏறுத பிள்ளைய நிறுத்துவாகளா? முப்பிடாதி, "போதும், விட்டுருவோம். பிள்ள மூஞ்சியில ரத்தமே இல்ல"ன்னா. செல்வியத்தான் கேட்டேன். "உங்களுக்கு எப்படிச் சரின்னு தோணுதோ அப்படிப்பா"ன்னா.

மூணாவது வருஷம். இதைக் கவனமாக் கேளுங்க, கேஸே இங்கதான் இருக்கு. கோச்சிங்குல வாரா வாரம் மாதிரித் தேர்வு வைப்பாக. கடைசி எட்டு தேர்வுல என் மக எடுத்தது ஐநூத்தி நாப்பதுக்குக் கீழ இல்ல. கடைசித் தேர்வு ஐநூத்தி எண்பத்தி ஆறு. எல்லாம் இந்த ஃபைல்ல இருக்கு, அவுக சீல் போட்டு. அந்த மார்க்குக்குக் கவர்மெண்ட் காலேஜ் உறுதின்னு அந்தக் கோச்சிங் வாத்தியாரே எனக்குப் போன் போட்டுச் சொன்னாரு. நான் ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன். அவசரம்தான், ஒத்துக்கிடுதேன்.

பரீட்சை திருநெல்வேலியில. மே மாசம், வெயிலு கொளுத்துது. கம்மல கழட்டச் சொன்னாக, துப்பட்டாவ வாங்கி வச்சுக்கிட்டாக, தண்ணிப் பாட்டில் மேல ஒட்டியிருந்த பேப்பரக்கூட உரிச்சாக. நான் வெளிய ஒரு வேப்பமரத்தடியில நின்னேன். என்ன மாதிரி நூறு அப்பன். மூணு மணி நேரம் நின்னேன் அண்ணாச்சி. உக்காந்தா அவளுக்கு ஏதாவது ஆயிரும்னு ஒரு நெனைப்பு.

வெளிய வந்தா பாருங்க. ரெண்டு வருஷமா நான் பாக்காத மூஞ்சி. தெளிவா, குளிச்சுட்டு வந்தவ மாதிரி. "எப்படியம்மா?"ன்னேன். "முடிஞ்சிட்டுப்பா"ன்னா. "பசிக்கு"ன்னா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு கடையில மூணு புரோட்டா தின்னா, பொறவு இன்னும் ரெண்டு வாங்கித் தின்னா. எம் மக அப்படித் தின்னு நான் பாத்தது கிடையாது. என் கண்ணுல தண்ணி வந்துட்டு. பாஸுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. பெயிலாகப் போறவ அப்படித் திங்க மாட்டால்லா?

ஒரு மாசத்துல விடைத்தாள ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புனாக. நம்ம பிள்ளை எந்த வட்டத்தக் கறுப்பாக்கியிருக்கோ அதை நாமளே சரிபாத்துக்கிடலாம். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது, பிரவுசிங் சென்டர் நடத்துத அந்தோணிராஜ்ட்ட போனேன். அவன் திறந்தான். நூத்தியெண்பது கேள்வி, கேள்விக்கு நாலு வட்டம். மேல பேரு சரி, நம்பர் சரி, அவ கையெழுத்து சரி, போட்டோ சரி. கீழ ஒண்ணுமில்ல. வெள்ளை. வட்டம் வட்டமா வெறும் வட்டம். அந்தோணிராஜ் கீழ தள்ளுதான், மேல தள்ளுதான். "அண்ணே, ஸ்கேன் சரியா விழல போல"ன்னான். "ஒரு வட்டம்கூட இல்லண்ணே"ன்னான்.

நானும் அதைத்தான் சொன்னேன். தாள் மாறியிருக்கு. மேல் பாதி இவ தாளு, கீழ் பாதி எவனோ எழுதாதவன் தாளு. கம்ப்யூட்டர்ல ஒட்டும்போது தப்பாயிருக்கு. ஐநூத்தி எண்பத்தி ஆறு எடுக்கவ சைபர் எடுப்பாளா? நீங்க சொல்லுங்க. தப்பா எழுதுனாக்கூட எங்கயாவது பத்து கறுப்பு இருக்கணும்லா.

வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொன்னேன். அழுவா, நாமதான் தைரியம் சொல்லணும்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். அவ அழல. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ, கத்திய வச்சுட்டுச் சொன்னா, "அது என் தாளுதான்பா. நான்தான் எழுதல"ன்னா.

"எழுத வரலையா?"

"வந்தது."

"கேள்வி கஷ்டமா?"

"இல்லப்பா. எல்லாம் படிச்சதுதான்."

"பொறவு என்னம்மா?"

"எழுதுனா இந்தத் தடவை வந்திரும்னு தெரிஞ்சுபோச்சுப்பா. அதான் எழுதல"ன்னா.

இது ஒரு பேச்சா? எழுதுனா வந்திரும்னு எழுதாம இருப்பாகளா? முப்பிடாதி அடுப்படியில நின்னவ அப்படியே உக்காந்துட்டா. நான் கோவப்படல. அதிர்ச்சியில பிள்ள என்னமோ பேசுதுன்னு விட்டுட்டேன். மறுநாள் எங்க பெரிய டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போனேன். என்ன வெளிய நிக்கச் சொல்லிட்டு அரை மணி நேரம் பேசுனாக. வெளிய வந்து, "பிள்ள நல்லாத்தான் இருக்கா கோமதிநாயகம். தெளிவாப் பேசுதா. நீங்கதான் கொஞ்சம்..."னு சொன்னாக. அதுக்குள்ள ஒரு விபத்து கேஸ் வந்துட்டு, ஓடிட்டாக. நான்தான் கொஞ்சம் என்னன்னு பொறவு அவுகளும் சொல்லல, நானும் கேக்கல.

ஆனா அதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிட்டு. மைசூர்பாகு தின்னவுக எல்லாம், "என்ன அண்ணே, ரிசல்ட் வந்துட்டாமே?"ன்னு கவுண்டர்ல வந்து கேக்காக. நான் என்ன சொல்லட்டும்? என் மக ஒரு வட்டம்கூடப் போடாம வந்துட்டான்னு சொல்லவா? தாள் மாறிப்போச்சுன்னு சொன்னேன். ஒருத்தர்ட்ட சொன்னது பத்துப் பேர்ட்ட போயிட்டு. பேப்பர்க்காரர் ஒருத்தர் வீடு தேடி வந்தாரு. மாதிரித் தேர்வு மார்க்கெல்லாம் காட்டுனேன். செல்விய நடுவுல நிறுத்தி போட்டோ எடுத்தாரு. "நீ எதிர்பார்த்த மார்க் எவ்வளவும்மா?"ன்னு கேட்டாரு. அவ என்னப் பாத்தா. நான் "ஐநூத்தி எண்பது"ன்னேன். மறுநாள் பேப்பர்ல வந்துட்டு. 'விடைத்தாள் மாயம், மாணவி கண்ணீர்'னு. கண்ணீரெல்லாம் இல்ல, அவுகளே போட்டுக்கிட்டாக.

அதுக்குப் பொறவு எப்படி அண்ணாச்சி நிறுத்த முடியும்? ஆளாளுக்கு வந்து, "விடாதீங்க, கோர்ட்டுக்குப் போங்க, ஏழைப் பிள்ளைக்கு அநியாயம்"னு சொல்லுதாக. டெல்லிக்கு மனு அனுப்புனேன். சரிபாத்துட்டோம், தாளு இந்த மாணவியோடதுதான்னு ரெண்டு வரியில பதில் வந்துட்டு. ஆஸ்பத்திரியில ஒருத்தர் மதுரையில ஹைகோர்ட் வக்கீலம்மா பேரு குடுத்தாரு. ரெஜினா மேடம். இன்னைக்கி காலைலதான் போனோம்.

கிருஷ்ணன்கோவிலா வந்திருக்கு? அவ திரும்பிப் பாக்காளா? இல்ல. அந்தப் பச்சப்பிள்ளையக் கையில வாங்கி வச்சிருக்கா பாருங்க. பாவம், அந்தத் தாய்க்காரி தூங்குதா.

வக்கீலம்மா நல்ல மாதிரி. எல்லாத்தையும் படிச்சாக. முதல்ல என்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தாக. பொறவு ஒரு டைப் அடிச்ச பேப்பர எடுத்து செல்விகிட்டத் திருப்பி வச்சு, "நீதான மனுதாரர், உனக்கு வாசிச்சுக் காட்டணும்மா"ன்னு சொல்லி தமிழ்ல சொன்னாக. எனக்கு அனுப்பப்பட்ட விடைத்தாள் நகல் என்னுடையது அல்ல. தேர்வறையில் நான் நூற்றி எழுபத்தியோரு கேள்விகளுக்கு விடை குறித்தேன். இது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. அந்த நூத்தி எழுபத்தொண்ணு நான் சொன்ன கணக்கு. மாதிரித் தேர்வுல அவ சராசரியா எழுதுனது அம்புட்டு, அதான் சொல்லியிருந்தேன்.

வாசிச்சுட்டு அந்தம்மா கண்ணாடியக் கழட்டுனாக. "இதுல கையெழுத்து போடுறது சத்தியம் பண்ற மாதிரிம்மா. கோர்ட்டு ஒரிஜினல் தாள வரவழைக்கும். பொய்னு தெரிஞ்சா நடவடிக்கை உன் மேலதான் வரும், உங்க அப்பா மேல வராது. புரியுதா?"ன்னு கேட்டாக.

"புரியுது மேடம்"னா.

பேனாவ நீட்டுனாக. செல்வி வாங்கிட்டா. வாங்கி, மூடியத் திறந்துட்டு, என்னத் திரும்பிப் பாத்தா. "போடட்டுமாப்பா?"ன்னா.

அண்ணாச்சி, நான் போடுன்னு சொன்னா அவ போட்டிருவா. அது எனக்குத் தெரியும். இருபது வருஷத்துல நான் சொல்லி அவ தட்டுனது ஒண்ணே ஒண்ணுதான். அந்த மூணு மணி நேரம் மட்டும்தான். வேண்டாம்னு சொன்னா வச்சிருவா. பொறவு நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி, மறுநாள் நான் கவுண்டர்ல உக்காந்து, பேரு வயசு கேக்கும்போது சீட்டுக்கு நிக்கவன் என் மூஞ்சியப் பாத்து... ரெண்டு வார்த்தைதான். ரெண்டுல ஒண்ணும் வரல. அந்த வக்கீலம்மா என்னையே பாத்துக்கிட்டு இருக்காக.

"தண்ணி குடிச்சுட்டு வந்திருதேன்"னு எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

மாடிப்படியில போயி நின்னேன். தண்ணி அங்க இல்ல, கீழதான் இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் இறங்கவும் இல்ல. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்துல அவ பேனாவ மூடி வச்சிருக்கணும், வச்சிட்டு அவளா வெளிய வந்து, அப்பா வாங்க போவம்னு சொல்லணும்னு நான் நின்னேன். சத்தியமா அதுக்குத்தான் நின்னேன். அவ அப்படிச் சொல்லியிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன், கூட வந்திருப்பேன்.

உள்ள போனேன். மூணு பக்கத்துலயும் போட்டிருந்தா. கோ. ஆவுடைச்செல்வி, கோ. ஆவுடைச்செல்வி, கோ. ஆவுடைச்செல்வி. அழகான கையெழுத்து அவளுக்கு. ஒரு நடுக்கம் இல்ல. வக்கீலம்மா தேதி எழுதிக்கிட்டு இருந்தாக, நிமிந்து பாக்கல. செல்வி என்கிட்ட, "தண்ணி குடிச்சீகளாப்பா?"ன்னு கேட்டா. குடிச்சேன்னு சொன்னேன்.

நான் போடுன்னு சொல்லல. அதை நீங்க கவனிக்கணும். நான் ஒண்ணும் சொல்லல.

மனு நாளைக்கித் தாக்கல் ஆயிரும். வார பதினாலாம் தேதி விசாரணைக்கு வரும்னு சொன்னாக. பிள்ளையக் கண்டிப்பாக் கூட்டிட்டு வரணுமாம். இந்த மாதிரி கேஸ்ல ஜட்ஜே நேரடியாக் கேப்பாராம், யம்மா, இது உன் தாளா இல்லையா, நீ எழுதுனியா இல்லையான்னு. வாபஸ் வாங்கணும்னா அதுக்கு முன்னாலயே சொல்லிருங்கன்னு அந்தம்மா என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. சரிங்கம்மான்னு தலையாட்டிட்டு வந்தேன். மாட்டுத்தாவணியில பஸ் ஏறுனதுலேருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வாரேன். இன்னும் பதினோரு நாள் இருக்கு.

நீங்க என்ன அண்ணாச்சி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீக? இவ்வளவு நேரம் கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லலாம்ல. வேற ஒண்ணுமில்ல, எனக்கு ஒரே ஒரு பயம்தான். அன்னைக்கி கோர்ட்டுல அவ்வளவு பேர் இருப்பாகள்லா. ஜட்ஜு கேப்பாரு. கேட்ட உடனே அவ பதில் சொல்ல மாட்டா, எனக்குத் தெரியும். திரும்பி என்னத்தான் பாப்பா. அப்ப நான் எங்க பாக்கது?